புருல்சா வெட்டிய இரண்டு வயர்கள்

கூபானின் போன் கடை பிஷ்கெக்கில் ஒரு பெரிய கடைத்தொகுதியின் நான்காவது மாடியில் இருக்கிறது. அதன் மூலையில் கிடக்கும் சின்ன மேசைதான் புருல்சாவின் இடம். பதினொரு வருடமாக அங்கே உட்கார்ந்திருக்கிறாள். புதுப் போன் வாங்குகிறவர்களுக்குப் பழைய போனிலிருந்து நம்பர்களை மாற்றித் தருவது, கணக்குத் திறந்து தருவது, மறந்துபோன பாஸ்வேர்டை மீட்டுத் தருவது எல்லாம் அவள் வேலை. ஐம்பத்திரண்டு வயது. விரல் மட்டும் இருபது வயதுக்காரியுடையது போல ஓடும். தான் வைத்திருப்பதோ கட்டைவிரல் அளவு திரையும் தேய்ந்த பட்டன்களும் கொண்ட ஒரு பழைய போன்.

எஜே, அதாவது அக்கா, என்று அவளை மரியாதையாகக் கூப்பிடும் கூபானுக்கு இது பெரிய தலைவலி.

"எஜே, வாடிக்கையாளர் முன்னால அதை வெளிய எடுக்காதீங்க. லக்மான் நூடுல்ஸ் கடைச் சமையல்காரரே வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிட்டு வந்து சாப்பிட்டா, கடைக்கு எவன் வருவான்?"

"சமையல்காரனுக்குத்தானேடா உள்ள என்ன போடுறாங்கன்னு தெரியும்."

கூபான் தலையில் அடித்துக்கொண்டு போவான். அவளை வேலையை விட்டு அனுப்பவும் முடியாது. மற்றக் கடைகளில் கைவிட்ட போன்கூட இவள் கையில் உயிர் பிழைத்துவிடும்.

அவளுக்கு இந்தச் சாமான்கள் எதன் மேலும் மரியாதை கிடையாது. வேலை செய்துகொண்டே திட்டுவாள். வாங்க வந்தவர்கள் சிலர் சிரிப்பார்கள், சிலர் முகம் சுளிப்பார்கள்.

"'இப்போது வேண்டாம்'னு ஒரு பட்டன் வெச்சிருக்கான் பாருங்க. வேண்டவே வேண்டாம்ங்கறதுக்குப் பட்டன் எங்க? பொண்ணு கேட்டு வந்தவன்கூட ரெண்டு தடவை இல்லைன்னா ரோஷப்பட்டுப் போயிடுவான். இவன் தினமும் வர்றான்."

அப்டேட் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் மாறிவிடும். "நம்ம வீட்டுக்குள்ள நமக்குத் தெரியாம ஒருத்தன் புகுந்து நாற்காலி மேசையெல்லாம் இடம் மாத்திப் போட்டுட்டு, காலையில 'இப்பதான் அழகா இருக்கு'ன்னு பல்லைக் காட்டினா சும்மா விடுவீங்களா? போலீஸைக் கூப்பிட மாட்டீங்க?" பக்கத்து வீட்டுக்காரி வாங்கிய துணி துவைக்கும் மெஷின் வைஃபை கேட்டபோது, அதன் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள். "நம்ம அழுக்குத்துணியைப் பத்தி இது யார்கிட்ட போய்ச் சொல்லப்போகுது?"

ஒருநாள் நாரின் மலைப்பக்கத்திலிருந்து குதிரை வளர்க்கும் ஒருவர் வந்து, முதல் முதலாகப் பெரிய திரை வைத்த போன் வாங்கினார். புருல்சா ஒவ்வொரு கேள்வியாக அவருக்கு வாசித்தாள்.

"பிறந்த தேதி கேக்குது."

"அது இதுக்கு எதுக்கு?"

"வாழ்த்துச் சொல்லுமாம்."

"நாப்பது வருஷமா என் பொண்டாட்டியே சொன்னதில்ல."

அந்த வாரத்தில் புருல்சா சிரித்தது அந்த ஒருமுறைதான். அவருக்கும் வழக்கமான தேதியையே போட்டுக் கொடுத்தாள். அவள் கை பட்ட போன்களின்படி, எங்கள் ஊரில் சில ஆயிரம் பேர் ஒரே வருடம் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்.

அவள் எப்போதுமே இப்படி இருந்தவள் அல்ல. நான்கு வருடத்துக்கு முன்பு அவளிடமும் நல்ல போன் இருந்தது. அக்கா சாய்ரா ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதமும் அதில்தான் படம் எடுத்தாள். புண் எப்படி இருக்கிறது, எவ்வளவு சூப் குடித்தாள், கால் வீக்கம் வடிந்ததா என்று டாக்டருக்குக் காட்டுவதற்கான படங்கள். முடி கொட்டிய தலை, கையில் ஊசி, கஞ்சிக் கிண்ணம். சாய்ரா மார்ச் மாதம் போய்விட்டாள்.

அடுத்த வருடம் மார்ச்சில் புருல்சா டிராலிபஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. 'இந்த நாள் நினைவிருக்கிறதா?' என்று கேட்டது. தொட்டாள். யாரும் கேட்காமலேயே அது அந்தப் படங்களைக் கோத்து ஒரு சினிமா செய்திருந்தது. பின்னால் கல்யாண வீட்டில் போடுவது போன்ற குத்தாட்ட இசை. அக்காவின் மொட்டைத் தலை மெல்ல மெல்லப் பெரிதாகி வந்தது. சுற்றிலும் நட்சத்திரங்கள் பறந்தன. கடைசியில் ஒரு சிவப்பு இதயம் துடித்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கே தொட்டும் அவளால் அதை நிறுத்த முடியவில்லை. போன்களையே பிழைப்பாகக் கொண்டவளால், தன் போனை நிறுத்த முடியவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பனிச் சேற்றில் கடைவரை நடந்தே போனாள்.

கூபானின் மேசையில் போனை வைத்தாள். "எல்லாத்தையும் அழிச்சு வித்துடு. நான் எந்த நாள் அழணும்னு ஒரு மெஷின் நாள் குறிக்குது."

அதற்கப்புறம் அவள் திட்டுவது வெறும் திட்டாக இல்லை. பகையாகிவிட்டது.

அவள் குடியிருப்பது ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாவது நுழைவாயிலில், நான்காம் மாடியில், தனியாக. அந்த நுழைவாயில் படிக்கட்டைச் சேர்ந்தவை இருபது வீடுகள். வீட்டுக் கமிட்டித் தலைவர் எசென்பெக், ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். போன அக்டோபரில் அவர் எல்லோரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டார். பக்கத்தில் வெள்ளை ஷூ போட்ட தலான்ட் என்ற ஆள் நின்றுகொண்டிருந்தான். புதுக் கதவுப் பூட்டு விற்கும் கம்பெனிக்காரன். சாவியே வேண்டாம், போனைத் தொட்டால் கதவு திறக்கும், யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று எங்கிருந்தும் பார்க்கலாம் என்றான்.

மற்றவர்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருக்க, புருல்சா மட்டும் கேள்வி கேட்டாள்.

"இன்டர்நெட் நின்னுபோச்சுன்னா?"

"நிக்காது எஜே."

"உங்க கம்பெனி சர்வர் படுத்துச்சுன்னா?"

"படுக்காது எஜே."

"கரண்ட்?"

"கரண்ட் போனா தன்னால திறந்துக்கும். உள்ள இருக்கிறது காந்தம்தானே. மின்சாரம் இருக்கிறவரைக்கும்தான் பிடிச்சுக்கும்."

"அப்ப திருடனுக்கும் அது தெரியும்."

மூன்றாம் மாடி மீரிம் பொறுமை இழந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். வீட்டில் மாமனார் ஓமுர் தனியாக இருக்கிறார், இதயம் சரியில்லாத மனுஷன், ஆனாலும் சிகரெட் வாங்க நைசாக வெளியே நழுவுகிறவர். கேமரா வந்தால் அவரைக் கண்ணில் வைத்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு.

"புருல்சா எஜே, உங்களுக்குப் பிடிக்கலன்னா பாறையில எழுதுற காலத்துக்குப் போயிடுங்க. எங்களை விடுங்க."

"பாறையில எழுதினது அப்டேட் ஆகாது கண்ணு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கை தூக்கச் சொன்னபோது பத்தொன்பது வீட்டுக் கைகள் ஒரு பக்கம், புருல்சாவின் கை ஒரு பக்கம். பட்டன் போன் வைத்திருக்கும் அவளுக்காக மட்டும் தலான்ட் ஒரு பிளாஸ்டிக் அட்டை கொடுத்தான். அதைக் காட்டினாலும் கதவு திறக்கும். "உங்களுக்கு மட்டும் ஸ்பெஷல்" என்றான். நோயாளிக்குத் தனித் தட்டு கொடுக்கிற மாதிரி கொடுத்தான் என்று அவள் கடையில் சொல்லிப் புலம்பினாள்.

ஜனவரி மாதம் ஒரு திங்கட்கிழமை. கடைத்தொகுதிக்கு விடுமுறை. காலை பதினோரு மணி இருக்கும். புருல்சா ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பியபோது வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மைனஸ் பத்தொன்பது டிகிரி. மூச்சு விட்டால் மூக்குமுடி விறைத்தது. எசென்பெக் வீட்டுச் செருப்போடு, கையில் காலிக் குப்பை வாளியோடு, காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நின்றார். குப்பை கொட்ட இரண்டு நிமிடம் வெளியே வந்தவர், அரை மணி நேரமாக உள்ளே போக முடியவில்லை.

"என்னாச்சு வாத்தியாரே?"

"பொறுத்திருக்கவும்னு சொல்லுது" என்று போனைக் காட்டினார். புருல்சா அட்டையைக் காட்டிப் பார்த்தாள். கதவு சிவப்பு விளக்கைக் காட்டியது.

அவள் வாயைத் திறக்கும் முன் ஆம்புலன்ஸ் ஒன்று முற்றத்துக்குள் திரும்பியது. ஆரஞ்சுப் பையோடு ஒரு மருத்துவ உதவியாளர் பெண் குதித்து இறங்கினாள். மூன்றாம் மாடியில் ஓமுர் என்பவருக்கு நெஞ்சுவலி, அவரே போன் செய்து கூப்பிட்டார் என்றாள்.

"கதவத் திறங்க!"

எசென்பெக் சிவப்பு விளக்கைக் காட்டினார். அந்தப் பெண் ஓமுரின் நம்பருக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. உள்ளே இருப்பவர்களைக் கூப்பிடலாம் என்று யாரோ எல்லா வீட்டு மணியையும் அழுத்தினார். மணிகளும் உள்ளிருந்து திறக்கும் பட்டனும்கூட அதே பூட்டோடு சேர்ந்தவை, எதுவும் வேலை செய்யவில்லை. எசென்பெக் தலான்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். பெரியவர்களை மரியாதையாகக் கூப்பிடும் 'பைக்கே'யைப் போட்டே அவன் பேசினான்.

"புது வெர்ஷன் ஏறிட்டிருக்கு பைக்கே. எண்பது பர்சன்ட் ஆயிடுச்சு. இன்னும் இருபது நிமிஷம்."

"இங்க ஒரு ஆள் சாகக் கிடக்கிறாருய்யா!"

"நடுவுல நிறுத்தினா பூட்டே கெட்டுப்போயிடும் பைக்கே."

அவன் இணைப்பைத் துண்டித்ததும் எசென்பெக்கின் போனில் மீரிமின் அழைப்பு வந்தது. மருந்துக்கடையிலிருந்து அலறினாள். கேமரா மட்டும் ஒரு குறையுமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது. "எனக்கு எல்லாரும் தெரியறீங்க! ஆம்புலன்ஸ் தெரியுது! எல்லாரும் ஏன் மரம் மாதிரி நிக்கறீங்க? கதவத் திறங்க! எங்க மாமா!"

புருல்சா ரொட்டியைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டுக் கதவின் மேல் பக்கம் பார்த்தாள். சுவர் ஓரமாக ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டி ஓடியது. வயர்கள் அதற்குள்தான்.

"வாளியக் குடுங்க வாத்தியாரே."

வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறினாள். ஆம்புலன்ஸ் டிரைவர் டயர் கழற்றும் இரும்பைக் கொண்டுவந்து நீட்டினார். குளிரில் விறைத்திருந்த பட்டி ஒரே நெம்பில் சடசடவென்று உடைந்து விழுந்தது. உள்ளே இரண்டு வயர்கள். சாம்பல் நிறத்தது பூட்டுக்குப் போகும் மின்சாரம். நீல நிறத்தது நுழைவாயில் முழுவதற்கும் இன்டர்நெட் கொண்டுபோவது. தலான்டின் ஆட்கள் தனிப் பட்டி போடச் சோம்பல்பட்டு, இருந்ததற்குள்ளேயே தங்கள் வயரையும் திணித்திருந்தார்கள். கைப்பையில் எப்போதும் கிடக்கும் கட்டிங் பிளேயரை எடுத்து, கையுறையைப் பல்லால் உருவிப் போட்டுவிட்டுச் சாம்பல் வயரை வெட்டினாள். 'டக்' என்று காந்தம் விட்டது. கதவு திறந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் படியேறி ஓடினார்கள். மற்றவர்களும் பின்னால் ஓடினார்கள்.

புருல்சா மட்டும் வாளியின் மேல் நின்றாள். கண் எதிரே நீல வயர். அதற்கும் கதவுக்கும் சம்பந்தமில்லை என்று அவளுக்குத் தெரியும். டிராலிபஸ்ஸில் ஒலித்த அந்தக் குத்தாட்ட இசை அப்போது ஏன் காதில் கேட்டதோ, அவளுக்கே தெரியாது. பிளேயரை நீல வயரில் வைத்து அழுத்தினாள். சுகமாக இருந்தது. இறங்கி, வாளியைச் சுவரோரம் வைத்துவிட்டு மேலே போனாள்.

ஓமுர் சமையலறைத் தரையில் கிடந்தார். உயிர் இருந்தது. ஸ்ட்ரெச்சரில் கட்டி இறக்கிக் கொண்டுபோனார்கள். "இன்னும் கொஞ்சம் பொறுத்து வந்திருந்தா..." என்று தொடங்கிய ஆஸ்பத்திரி டாக்டர், மீரிமின் முகத்தைப் பார்த்து அதை முடிக்காமல் விட்டுவிட்டார்.

அன்று மாலைவரை புருல்சா நுழைவாயிலுக்கே வீராங்கனை. ஒருத்தி எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியைச் சுடச்சுடக் கொண்டுவந்து கொடுத்தாள். முதல் மாடிக்காரர் வழியில் கையைப் பிடித்துக் குலுக்கினார். இருட்டத் தொடங்கியதும், இன்டர்நெட் வழியாக ஓடும் டி.வி.கள் வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. இன்டர்நெட்டைச் சரிசெய்ய ஆள் வர இரண்டு நாள் ஆனது, அவ்வளவு பேர் வரிசையில் இருந்தார்களாம்.

இரண்டாம் நாள் ஐந்தாம் மாடி ஜிபெக் வந்து கதவைத் தட்டினாள். இருபத்து நான்கு வயது, கல்யாணமாகி ஏழு மாதம். புருஷன் ரஷ்யாவில் எங்கோ வடக்கே ஒரு கட்டட வேலையில். நாளுக்கு ஒருமுறை, சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வைஃபை இருக்கும் அறைக்கு வந்து இவளோடு பேசுவான். இவள் போனில் சிம் வழியாக இன்டர்நெட் போட்டுக்கொள்ள வசதி இல்லை.

"நேத்து அவருக்குப் பிறந்தநாள் எஜே. முக்கால் மணி நேரம் உக்காந்திருந்தாராம். எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்து, இங்க யார் யாருக்கோ போன் அடிச்சிருக்காரு. நீங்க கதவுக்காக வெட்டினீங்க, எனக்குப் புரியுது. ஆனா ரெண்டும் ஒரே வயரா?"

"உள்ள வா, டீ குடி" என்றாள் புருல்சா. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. ஜிபெக் உள்ளே வராமலே படியேறிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். வெளியே குளிர் என்பதால் எசென்பெக்கின் முன்னறையில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். தலான்டும் ஒரு பெட்டி மிட்டாயோடு வந்திருந்தான். யாரும் தொடவில்லை. எசென்பெக் தொண்டையைச் செருமினார்.

"நான் அரை மணி நேரம் என் சொந்த வாசல்ல செருப்போட நின்னவன். நான் சொல்றேன், இதைக் கழட்டிட்டுப் பழையபடி சாவிப் பூட்டே போட்டுருவோம்."

பல தலைகள் ஆடின. புருல்சாவுக்கு நெஞ்சு நிறைந்தது. அவள் சொன்னதைப் பத்தொன்பது வீடும் ஒப்புக்கொள்ளப் போகிறது. அப்போது தலான்ட் மெல்லக் கையைத் தூக்கினான்.

"எங்க தப்பு பெரிய தப்பு, ஒத்துக்கறேன். ஆனா ஒரு விஷயம். கதவு திறக்க சாம்பல் வயரை வெட்டினா போதும். உங்க இன்டர்நெட் ரெண்டு நாள் நின்னதுக்குக் காரணம் எங்க பூட்டு இல்ல. நீல வயரையும் யாரோ வெட்டியிருக்காங்க."

எல்லோரும் புருல்சாவைப் பார்த்தார்கள். எசென்பெக் நல்ல மனுஷர். அவளுக்கு வழிவிட்டுப் பேசினார். "உயிர் போற அவசரம். கையெல்லாம் மரத்துப்போயிருந்துச்சு. எது எந்த வயருன்னு தெரிஞ்சிருக்காது. அப்படித்தானே புருல்சா?"

தலையை ஆட்டினால் போதும். அவளுக்கு அது தெரிந்தது. ஜிபெக் சுவரில் சாய்ந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள் புருல்சா.

"என்ன தெரியும்?"

"பதினொரு வருஷமா இதே வேலை பாக்குறேன். எனக்கா வயரோட நிறம் தெரியாது? கதவு திறந்த பிறகுதான் நீலத்தை வெட்டினேன்."

"எதுக்கு?"

"ஆத்திரம்."

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். "எங்க டி.வி. உனக்கு என்ன பண்ணுச்சு?" "இவளுக்குப் பிடிக்கலன்னா ஊரே இருட்டுல கிடக்கணுமா?" "பைத்தியம்!" திங்கட்கிழமை கையைக் குலுக்கியவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். போர்சோக் கொடுத்தவள் தட்டைத் திருப்பித் தரச் சொன்னாள்.

கை தூக்கச் சொன்னார் எசென்பெக். பூட்டு இருக்கட்டும் என்று பதினெட்டுக் கைகள். அவருடைய கையும் அதில் ஒன்று. அவசரத்துக்கு ஒரு இரும்புச் சாவியும் செய்து தருவதாகத் தலான்ட் ஒத்துக்கொண்டான், அது எசென்பெக் வீட்டில் இருக்கும். வேண்டாம் என்று தூக்கியவை இரண்டே கைகள். இரண்டாவது கை யாருடையது என்று திரும்பிப் பார்த்தால் மீரிம்.

"எல்லாரும் என்னை ஏன் பாக்கறீங்க? எங்க மாமா உயிரோட இருக்காரு. அவங்க பச்சை வயரு மஞ்சள் வயரு எதை வெட்டினாலும் எனக்கு ஒண்ணுமில்ல."

புருல்சா அங்கிருந்து நேராக ஐந்தாம் மாடிக்கு ஏறினாள். ஜிபெக் அப்போதுதான் சாவியைப் போட்டுத் தன் கதவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"கதவுக்கு வெட்டினது தப்பில்ல. உன்னோடதை வெட்டினது தப்பு. நீ கேட்டப்பவே சொல்லியிருக்கணும்."

ஜிபெக் பூட்டிலிருந்து சாவியை உருவிக்கொண்டாள். "சரி எஜே" என்றாள். டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் வாசல்வரை வந்தவளிடம் அதைச் சொல்லாமல் விட்டால் என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும்.

ஏப்ரலில் தலான்டின் கம்பெனி இன்னும் புதிய ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்தது. போனையும் எடுக்க வேண்டாம், முகத்தைக் காட்டினாலே கதவு திறக்கும். பிளாஸ்டிக் அட்டைகள் இனிச் செல்லாது. வீடு வீடாக முகத்தைப் பதிந்துகொண்டு போனார்கள். புருல்சா கதவைத் திறக்கவே இல்லை.

அதனால் அவள் இப்போது வேலை முடிந்து வந்து கீழே நின்று யார் வீட்டு மணியையாவது அழுத்தியாக வேண்டும். அந்த இரும்புச் சாவிக்காக எசென்பெக்கைக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. முதல் நாள் யோசித்து யோசித்துக் கடைசியில் ஓமுரின் மணியை அழுத்தினாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த கிழவர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்து, வீட்டுச் சுவரிலிருந்த பேசும் கருவியில் கத்தினார்.

"யாரு?"

"நான்தான். புருல்சா."

"உனக்கு ஒரு முகம்கூடவா இல்ல? குடுத்துத் தொலைய வேண்டியதுதானே. இனி ஒவ்வொரு நாளும் என்னை எழுப்புவியா?"

"அம்பத்திரெண்டு வருஷமா இந்த முகத்தை நானே வெச்சிருக்கேன் பைக்கே. யாருக்கும் குடுக்கிறதா இல்ல."

"நீ வாளி மேல ஏறினதை அந்தக் கேமரா தன் பேட்டரியிலயே பதிஞ்சு வெச்சிருந்துச்சு, அந்த வீடியோவ ஊரே பாத்துச்சு, தெரியுமா? அதோட கடைசியில என்னைத் தூக்கிட்டு வர்றாங்க. காலுறை ரெண்டும் வேற வேற நிறம். என் மச்சான் தலாஸிலிருந்து போன் பண்ணிச் சிரிக்கிறான்."

"கேமராவுக்குக் கை தூக்கினது உங்க வீடுதான். திறங்க, குளிருது."

"ஏப்ரல்ல என்னடி குளிரு?" என்று திட்டிக்கொண்டே அவர் பட்டனை அழுத்தினார். புருல்சா கதவைத் தோளால் தள்ளி உள்ளே போனாள். படியேறும்போது இரண்டாம் மாடியில் எதிரே வந்த போர்சோக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புருல்சாவும் திருப்பிக்கொண்டு மேலே ஏறினாள்.